திருவிழா மேடைக்கு டிவி முகங்கள்: யார் எடுபடுவார்கள், எங்கே சொதப்பும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். வைகாசியில் மாரியம்மன் திருவிழா. விடையாற்றி அன்று இரவு 'டிவி புகழ்' நிகழ்ச்சிதான் வேண்டும் என்று பையன்கள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சூப்பர் சிங்கர் பாடகர்களா, கலக்கப்போவது யாரு ஆட்களா, பட்டிமன்றமா, சீரியல் நடிகையா என்று கமிட்டிக்குள் நாலு கட்சி. 1500 முதல் 2000 பேர் வருவார்கள். வயலில் மேடை. என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். டிவியில் நமக்குப் பிடித்துப்போன பலதும் எடிட்டிங் மேசையில் உருவானது. கலக்கப்போவது யாருவில் ஒருவர் ஐந்தாறு நிமிடம் செய்கிறார். அதற்குள் நடுவர் சிரிக்கிற ஷாட், பார்வையாளர் கைதட்டுகிற ஷாட், 'டொய்ங்' என்று ஒரு பின்னணி ஒலி எல்லாம் சேர்ந்து வருகிறது. எடுபடாத வரியை வெட்டி எறிந்திருப்பார்கள். போதாக்குறைக்கு நடுநடுவே விளம்பரம். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போட விதியிலேயே இடம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நாமும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து புதிதாக உட்காருகிறோம். உங்கள் வயலில் இது எதுவும் கிடையாது. ஒருவர் மைக்கைப் பிடித்தால் இருபது, முப்பது நிமிடம் வெட்டில்லாமல் கூட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். இது யாரால் முடியும் என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். முகம் எவ்வளவு பிரபலம் என்பது இரண்டாவது கேள்வி.

இந்தக் கணக்கில் ஒவ்வொரு நிகழ்ச்சியாக வருகிறேன். என் ரசனையும் இதில் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கு வித் கோமாளி டிவிக்கென்றே பிறந்த சரக்கு. 2019-ல் வந்தபோது அது பிடித்துப்போனதற்குக் காரணமே சமையல் பதற்றம், கோமாளியின் குளறுபடி, அதற்கு மேலே விழுகிற பின்னணிப் பாட்டு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதுதான். அதில் வந்த கோமாளியை மட்டும் தனியாகப் பிய்த்துக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினால், ஏற்கெனவே மேடையில் பழகியவராக இல்லாத பட்சத்தில், பத்தாவது நிமிடம் "எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார். பிக் பாஸ் ஆட்கள் நிலை இன்னும் சிக்கல். 2017-லிருந்து ஓடும் அந்த நிகழ்ச்சியில் நூறு நாள் வீட்டுக்குள் இருந்ததே அவர்கள் செய்த வேலை. அதை மேடையில் எப்படிச் செய்து காட்டுவது? வந்து கையாட்டுவார்கள், இரண்டு கேள்விக்குப் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான். நீயா நானா கல்லூரி அரங்கில் நன்றாக வரும். கோயில் திடலில் நாற்பது பேருக்கு மைக் கொடுத்து விவாதம் நடத்துவது ஊருக்குள் இருக்கிற பழைய வரப்புத் தகராறையெல்லாம் கிளறிவிடும்.

சீரியல் நடிகையை அழைப்பது தனிக் கலை. ஊரில் யாருக்கும் அவர் சொந்தப் பெயர் தெரியாது. கதாபாத்திரத்தின் பெயர்தான் தெரியும். அதனால் நோட்டீஸில் சீரியல் பெயரையும் கதாபாத்திரத்தின் பெயரையும் போடுங்கள். அவரிடம் முழு நிகழ்ச்சியை ஒப்படைக்காதீர்கள். குத்துவிளக்கு ஏற்ற, பரிசு கொடுக்க, நாலு வார்த்தை பேச என்று 15 நிமிடம் போதும். அதை எட்டு மணி வாக்கில் வையுங்கள். ஆரம்பத்திலேயே வைத்தால் செல்ஃபி எடுத்த கூட்டம் அப்படியே வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் வைத்தால் ஒன்பதரை மணிக்குக் குழந்தைகள் தூங்கிவிடும், தாய்மார்கள் கிளம்பிவிடுவார்கள். முன்பெல்லாம் இரவு ஏழிலிருந்து பத்து வரை சீரியல் நேரம் என்பதால் பெண்கள் கூட்டமே வராது. இப்போது விட்டுப்போன பாகத்தை மறுநாள் செல்போனில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே கிழமைக் கவலை அவ்வளவு இல்லை.

காமெடி ஆட்களில் யாரைக் கூப்பிடலாம்? பலகுரல் செய்பவர்தான் வயலுக்குச் சரி. கூட்டத்தின் கடைசி வரிசைக்கு முகபாவம் தெரியாது. குரல் போய்ச் சேரும். இரட்டையராக வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கவுன்டர் அடிக்கிற பாணி டிவி க்ளோசப்பில் பிரமாதம். நூறு அடி தூரத்தில் அது இரண்டு பேர் தமக்குள் பேசிக்கொள்வது போல இருக்கும். ஒப்பந்தம் பேசுமுன் அவர் டிவியில் செய்ததைப் பார்க்காதீர்கள். ஏதாவது கல்லூரி விழாவிலோ கோயில் விழாவிலோ யாரோ செல்போனில் எடுத்த வெட்டப்படாத வீடியோ யூடியூபில் கிடக்கும். அதில் 15 நிமிடம் தொடர்ச்சியாகப் பாருங்கள். நடுவில் ஒரு ஜோக் விழுந்துவிட்டால் எப்படி எழுந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். விழுந்ததும் கூட்டத்தில் இருக்கிற பெண்களையோ, ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ இழுக்கிறவர் என்றால் வேண்டாம். டிவியில் அப்படிப்பட்ட வரிகளை வெட்டிவிடலாம். உங்கள் ஊரில் வெட்ட முடியாது, மறுநாள் பஞ்சாயத்துதான்.

பாடகர்கள் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூப்பர் சிங்கர் 2006-லிருந்து நடக்கிறது. சரிகமப இன்னொரு பக்கம். இத்தனை சீசனில் மேடை ஏறியவர்கள் எண்ணிக்கை பெரிது. 'சூப்பர் சிங்கர் புகழ்' என்று ஃப்ளெக்ஸில் அச்சடிக்கப்படுபவர் இறுதிச் சுற்று வரை வந்தவரா, தேர்வுச் சுற்றில் ஒரு பாட்டு பாடிவிட்டுத் திரும்பியவரா என்று கேளுங்கள். இரண்டாவது ரகத்திலும் அருமையான பாடகர்கள் உண்டு. ஆனால் கட்டணம் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். டிவியில் நாம் கேட்பது ஒலிப்பதிவு அறையில் மிக்சிங் செய்து சீராக்கிய ஒலி. நேரில் குரல் மெலிவாகத் தெரிந்தால் பாடகரைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் அது சவுண்டு பிரச்சினை.

என் விருப்பத்தைக் கேட்டால், டெல்டா கிராமத்துக்கு நாட்டுப்புறப் பாடகர்கள் தான் முதல் தேர்வு. 2018-ல் புதுக்கோட்டைக்காரரான செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கர் பட்டம் வென்றதற்குப் பிறகு அந்தப் பாணிக்கு டிவியிலேயே தனி மரியாதை வந்தது. நாட்டுப்புறக் குழு தன் தவில், பம்பை, உறுமியோடு வருகிறது. பல பேர் ஏற்கெனவே திருவிழா மேடையில் ஊறியவர்கள். மைக் ஒரு நிமிடம் செத்தால்கூடத் தவில்காரர் அடித்துச் சமாளித்துவிடுவார். கீபோர்டு நின்றுபோனால் சமாளிக்க ஆளில்லை.

சினிமாப் பாட்டுக் கச்சேரி என்றால் ஃபுல் ஆர்க்கெஸ்ட்ராவா, ட்ராக்கா (முன்பே பதிவான இசையை ஓடவிட்டு மேலே பாடுவது) என்பதை எழுத்தில் வாங்குங்கள். 'இசை நிகழ்ச்சி' என்று மொட்டையாக எழுதியிருந்தால் நாலு பாடகர்கள் ஒரு லேப்டாப்போடு இறங்கும் சாத்தியம் உண்டு. ட்ராக் தப்பு என்று சொல்லவில்லை. 2000 பேருக்குள், பட்ஜெட் குறைவு என்றால் நல்ல ட்ராக் நிகழ்ச்சி மோசமான ஆர்க்கெஸ்ட்ராவைவிட எவ்வளவோ மேல். ஆனால் ஆர்க்கெஸ்ட்ரா காசு கொடுத்து ட்ராக் கேட்கக் கூடாது. இன்னொரு ஏற்பாடும் நடக்கிறது: டிவி பாடகர் இரண்டு பேர் சென்னையிலிருந்து, வாத்தியக்காரர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சிப் பக்கத்திலிருந்து. செலவு குறையும். இதில் சுருதிதான் கவிழ்க்கும். பாடகர் தன் வசதிக்கு அரைக்கட்டை இறக்கிப் பாடுவார். உள்ளூர்க் கீபோர்டுக்காரர் ஒரிஜினல் சுருதியில் வாசித்துப் பழகியிருப்பார். மேடையில் பல்லவியிலேயே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அதனால் பாட்டுப் பட்டியலைச் சுருதியோடு மூன்று நாள் முன்னதாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அன்று மாலை நாலு மணிக்காவது மேடைக்கு வந்து, ஆளுக்கு மூன்று பாட்டின் ஆரம்பமும் முடிவும் ஒத்திகை பார்க்கட்டும். நடுவில் தப்பினால் ஜனங்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆரம்பமும் முடிவும் தப்பினால் எல்லாருக்கும் தெரியும்.

பட்டிமன்றம் என்றால் நடுவரோடு ஏழு பேர். சன் டிவியில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சாலமன் பாப்பையா நடத்திப் பழக்கிவிட்ட வடிவம் அது. டிவியில் ஒரு மணி சொச்சத்தில் முடிவது நேரில் இரண்டரை மணி நேரம் ஓடும்: ஆளுக்கு 15 நிமிடம் வீதம் ஆறு பேருக்கு ஒன்றரை மணி, நடுவர் முன்னுரை, இடைக்கிடை நடுவர் கமென்ட், தீர்ப்பு. ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்கு முடியும். எட்டரைக்குத் தொடங்கினால் தீர்ப்புக்கு முன்பே போலீஸ் ஜீப் வந்து நிற்கும். தலைப்பை எளிமையாக வையுங்கள். கணவனா மனைவியா, அந்தக் காலமா இந்தக் காலமா என்பதெல்லாம் அலுத்துப்போனாலும் கிராமத்தில் எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. பாதியில் வந்து உட்காருகிறவருக்கும் புரியும். விவசாயியைப் பற்றித் தலைப்பு வைத்தால் பேச்சாளர்கள் கண்ணீர் விடுவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் விவசாயி கொட்டாவி விடுவார். பட்டிமன்றத்தின் பெரிய லாபம் செலவுதான். மேடையும் ஒளியும் சின்னதாக இருந்தால் போதும், வாத்தியம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் வேறு எதுவும் காப்பாற்றாது.

சவுண்டுக்கு வருவோம். ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுச் சவுண்டில் பேரம் பேசுவதுதான் கமிட்டிகளின் வழக்கம். இதைத் தலைகீழாக்கினால் இரண்டாம் தர ஆட்களை வைத்தே முதல் தர நிகழ்ச்சி கொடுக்கலாம். மொத்தம் 100 ரூபாய் என்றால் கலைஞர்களுக்கு 55-க்கு மேல் போகாதீர்கள். சவுண்டு, லைட்டுக்கு 25. மேடை, பந்தல், ஜெனரேட்டருக்கு 12. மீதி 8 சாப்பாடு, அறை, வண்டி, நோட்டீஸ். எல்இடி திரை வேண்டும் என்றால் அதைக் கலைஞர்கள் பங்கிலிருந்து எடுங்கள், சவுண்டிலிருந்து எடுக்காதீர்கள்.

2000 பேருக்கு மேடையின் இரு பக்கமும் தலா இரண்டு டாப் (குரலும் மேல் ஒலியும் வருவது), இரண்டு பேஸ் (அடி ஒலி வருவது) பாக்ஸ். டாப் பாக்ஸ் ஆள் உயரத்துக்கு மேலே, ஏழெட்டு அடியில் இருக்க வேண்டும். தரையில் வைத்தால் முதல் ஐந்து வரிசை காதைப் பொத்திக்கொள்ளும், கடைசி வரிசைக்குக் கேட்காது. மேடையில் பாடுபவர் தன் குரலைக் கேட்க, அவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஸ்பீக்கர், அதாவது மானிட்டர், நாலு. மிக்சர் எத்தனை சேனல், அதாவது எத்தனை மைக், வாத்திய இணைப்பு தாங்கும் என்று கேளுங்கள். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு டிரம்ஸ் 5, இரண்டு கீபோர்டு 4, ரிதம் பேடு 2, கிட்டார், பேஸ் கிட்டார் ஒவ்வொன்று, தபலா 2, டோலக் 2, புல்லாங்குழல் 1, பாட்டு மைக் 5 என்று கூட்டினால் 23 வருகிறது. 16 சேனல் மிக்சரோடு வந்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்பவரை விடுங்கள். 32 சேனல் இருந்தால் நிம்மதி. மிக்சர்காரர் மேடைக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது. கூட்டத்துக்கு நடுவே 60, 70 அடி தள்ளி மேசை போடுங்கள். ஜனங்கள் கேட்பதை அவரும் கேட்டால்தான் சரி செய்ய முடியும்.

அடுத்தது தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்கள். திருவிழாவுக்காக ஊர் முழுக்க ஏற்கெனவே ரேடியோ செட்காரர் குழாய் கட்டியிருப்பார். மேடைச் சத்தத்தை அதிலும் கொடுத்துவிடுவது வழக்கம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். முந்நூறு அடி தள்ளி இருக்கும் குழாயிலிருந்து வரும் சத்தம் மேடைச் சத்தத்துக்குக் கால் நொடிக்கு மேல் பின்தங்கி உங்கள் காதுக்கு வரும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். பாட்டுக்கு ஓரளவு மறைந்துபோகும். பலகுரலும் பட்டிமன்றமும் நாசமாகும். நிகழ்ச்சி ஆரம்பித்ததும் திடலைச் சுற்றியுள்ள குழாய்களை அணைத்துவிடுங்கள். கூட்டம் நூறு அடிக்கு மேல் நீண்டால் அங்கே கூடுதலாக இரண்டு பாக்ஸ் வைத்து, 90 மில்லி செகண்ட் டிலே (சத்தத்தை அவ்வளவு தாமதமாக விடுவது) கொடுக்கச் சொல்லுங்கள். இப்போதுள்ள டிஜிட்டல் மிக்சரில் இது ஒரு பட்டன் வேலை.

கரன்ட். கொக்கி போடுகிற எண்ணமே வேண்டாம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி அலங்கார விளக்குகளை அதில் ஓட்டுங்கள். மேடை முழுக்க ஜெனரேட்டரில். சவுண்டுக்கு 7, லைட்டுக்கு 4, பத்துக்கு எட்டடி எல்இடி திரைக்கு 5, மேடை விசிறி மற்றும் உதிரிக்கு 2 என்று வைத்தால் 18 கிலோவாட். 25 கேவிஏ ஜெனரேட்டர் 20 கிலோவாட்தான் தரும். பேஸ் அடிக்கும்போது லைட் மினுக்கும். 40 கேவிஏ எடுங்கள். மணிக்கு ஐந்தாறு லிட்டர் டீசல் குடிக்கும். மாலை நாலிலிருந்து பத்தரை வரை 40 லிட்டர் ஆகும். 50 லிட்டர் கையில் இருக்கட்டும். சவுண்டை ஒரு ஃபேஸில், லைட்டை வேறு ஃபேஸில் பிரிக்கச் சொல்லுங்கள். அப்படிப் பிரித்த பிறகு ஒரு ஆபத்து உண்டு. நியூட்ரல் ஒயர் எங்கேயாவது கழன்றால் ஒரு ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி ஏறி, கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே நொடியில் புகைந்துவிடும். வாத்தியத்துக்கு ப்ளக் சொருகுவதற்கு முன்பு நியூட்ரல் முடிச்சுகளை எலக்ட்ரீஷியன் முறுக்கிப் பார்த்து, மீட்டரில் 220-க்கும் 240-க்கும் இடையில் இருப்பதைக் காட்ட வேண்டும்.

எர்த்துக்கும் நம் மண்ணுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் வைகாசி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் எர்த் ராடை அடித்தால் வெடிப்புக்குள் காற்றில் தொங்கும். பாடுபவர் உதட்டில் மைக் சுரீர் என்று கடிக்கும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரையும். ராடை ஆறடியாவது இறக்கி, சுற்றிப் பாத்தி கட்டி, முந்தின நாளே நாலு குடம் தண்ணீர் விடுங்கள். மாலையில் இன்னும் இரண்டு குடம். வாய்க்கால் கரையோரம் ஈரம் இருந்தால் அங்கே அடிப்பது இன்னும் நல்லது. மேடை லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும்.

இடம் எவ்வளவு வேண்டும்? 500 நாற்காலிக்கு நடைவழியோடு சுமார் 3500 சதுர அடி, அதாவது 8 சென்ட். நிற்கிற 1500 பேருக்கு ஆளுக்கு ஐந்து சதுர அடி வீதம் 17 சென்ட். மேடை, மிக்சர், வண்டி வழி சேர்த்தால் ஒரு மா நிலம் நிறைந்துவிடும். நம் கணக்கில் ஒரு மா 33 சென்ட் அல்லவா, ஒரே மாவை நம்பாமல் வரப்பை வெட்டி இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரரிடம் மாசியிலேயே சொல்லி வையுங்கள். நெல் தரிசில் உளுந்து தெளித்திருந்தால் சித்திரையில் பறித்துவிடுவார், வைகாசிக்குக் காலி. பம்புசெட் உள்ளவர் என்றால் முன்பட்டக் குறுவைக்கு நாற்றங்கால் விட்டுவிடுவார், பிறகு கெஞ்சிப் பயனில்லை. மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. ஆற்றுப் பாசன வயல் அதுவரை காய்ந்திருக்கும். நாற்காலிக் கால் வெடிப்புக்குள் இறங்கிக் கவிழும். அதனால் வைக்கோல் பரப்பி மேலே தார்ப்பாய் விரியுங்கள். பட்டுக்கோட்டை, ஒரத்தநாட்டுச் செம்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை. களிமண்ணில் கோடை மழை அரைமணி நேரம் அடித்தால் சவுண்டு லாரி மறுநாள் டிராக்டர் இழுத்தால்தான் நகரும். லாரியை ரோட்டோரத்தில் நிறுத்தி, பாக்ஸைத் தூக்கி வர ஆள் வையுங்கள்.

மேடை 30-க்கு 20 அடி, உயரம் நாலடி. பட்டிமன்றத்துக்கு 20-க்கு 15 போதும். வைகாசி, ஆடியில் மேல்காற்று அடிப்பதால் மேடையை மேற்கே வைத்துக் கிழக்குப் பார்க்கக் கட்டினால் சத்தம் காற்றோடு கூட்டத்துக்குப் போகும். பின்னால் கட்டும் ஃப்ளெக்ஸ் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். அதில் அரைவட்டமாகச் சில இடங்களில் கிழித்துவிட்டு, மேடைக் காலில் கட்டாமல் தனியாகச் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டுங்கள். மேடைக்கு முன்னால் பத்தடி விட்டு மூங்கில் தடுப்பு. சீரியல் நடிகை வருகிறார் என்றால் தடுப்பை இரட்டையாகப் போடுங்கள். ஆம்புலன்ஸ் வர 12 அடி வழி. பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருந்தால் அந்தப் பக்கம் விளக்கு போட்டுக் கயிறு கட்டி ஆளும் நிறுத்துங்கள்.

இதையே தை மாதத்துக்கு மாற்றினால் கணக்கு வேறு. சுற்றிலும் சம்பா விளைந்து நிற்கும்போது மேடை லைட்டைப் போட்டால் தத்துப்பூச்சிகள் மொய்க்கும். வாயைத் திறந்தால் பாடகருக்கு அதுதான் பலகாரம். 60 அடி தள்ளி வயலோரத்தில் ஆறு மணிக்கே வெள்ளை ஃப்ளட் லைட் இரண்டைப் போட்டு அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மேடையில் மஞ்சள் ஒளியை மட்டும் வையுங்கள். பனியில் தபலா, டோலக் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். கீபோர்டுக்கு மேலே கூரை வேண்டும்.

அனுமதி விஷயத்தில் சமாளிப்பு வேண்டாம். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு வருடத்துக்கு 15 நாள் வரை 12 மணி வரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் நிகழ்ச்சி அந்த நாளில் வருகிறது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். காவல் நிலையத்தில் பதினைந்து நாள் முன்னதாக மனு கொடுங்கள். நிகழ்ச்சி வகை, நேரம், கலைஞர் பெயர், ஜெனரேட்டர், பார்க்கிங் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆபாச ஆட்டமோ சாதிப் பாட்டோ கட்சிப் பாட்டோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வரும். அந்த நிபந்தனையை அப்படியே நகலெடுத்து ஆர்க்கெஸ்ட்ராக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்திலிருந்து சீட்டு எழுதி அனுப்பும் பாட்டுகளைப் பாடக் கூடாது என்றும் சேருங்கள். வம்பு பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் வருகிறது.

ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: வருகிறவர்களின் பெயர், எத்தனை பாட்டு அல்லது எத்தனை நிமிடம், மேடை ஏறும் நேரம், போக்குவரத்து யார் செலவு, வராவிட்டால் மாற்று ஆள் யார். கடைசியது முக்கியம். டிவி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென ஷூட்டிங் தேதி விழுந்தால் கலைஞர் அங்கேதான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் மாற்றாக இரண்டு பெயரை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் பேசினால் கலைஞரோடு ஒரு முறை வீடியோ காலில் பேசுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் சொல்லி அரை நிமிட வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கும் ஆகும், ஆள் நிஜம்தான் என்பதற்கும் சாட்சி. முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மீதியில் பாதி ஊர் வந்து சேர்ந்ததும், பாதி மேடை ஏறுமுன். நிகழ்ச்சி முடிந்து தருகிறோம் என்றால் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; அதிலும் நியாயம் இருக்கிறது, ஏமாந்த அனுபவம் அவர்களுக்கும் உண்டு. சேனல் லோகோவை நோட்டீஸில் போடாதீர்கள். பெயரைச் சொல்லலாம், சேனலே நடத்துவது போலக் காட்டக் கூடாது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மன்னை எக்ஸ்பிரஸ் நேராக மன்னார்குடிக்கே வருகிறது. தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் உழவன் எக்ஸ்பிரஸ். இரண்டும் இரவு ரயில். காலையில் இறங்கி, பகலில் தூங்கி, மாலையில் தெளிவாக மேடை ஏறலாம். காரில் கிளப்பினால் ஏழு மணி நேரப் பயணக் களைப்போடு மேடையில் நிற்பார்கள். திரும்ப அன்றிரவே ரயிலைப் பிடிக்க முடியாது என்று வைத்து அறையோ காரோ ஏற்பாடு செய்யுங்கள். பாடுகிறவர்களுக்கு மேடைக்கு முன்பு லேசான சாப்பாடு, வெந்நீர். விருந்தைப் பத்து மணிக்கு மேல் வையுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு எதிரி இருக்கிறார், பெயர் பொன்னாடை. உபயதாரர், மண்டகப்படிதாரர், ஊர்ப் பெரியவர்கள், வட்டம், மாவட்டம் என்று ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பாட்டுக்கு நடுவில் மேடையேற்றினால் நாற்பது நிமிடம் போய்விடும். சூடாக இருந்த கூட்டம் ஆறிப்போகும். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி முடித்துவிடுங்கள். விடுபட்டவருக்கு மனத்தாங்கல் வராமல் பெயர்ப் பட்டியலை முந்தின நாளே கமிட்டியில் வாசித்துக் காட்டுங்கள். மைக்கில் பெயர் சொல்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும்.

உங்கள் இடத்துக்கு என் தேர்வு இதுதான்: ஏழு மணிக்கு உள்ளூர் நாதஸ்வரம், தவில் பதினைந்து நிமிடம். நாட்டுப்புறக் குழு முக்கால் மணி நேரம். பிறகு பொன்னாடையும், காசு இருந்தால் சீரியல் நடிகையும். எட்டரைக்குப் பலகுரல் கலைஞர் 25 நிமிடம். ஒன்பதிலிருந்து டிவி பாடகர்கள் இருவர் ட்ராக்கில்: முதலில் அம்மன் பாட்டு, பிறகு பழைய மெலடி, கடைசி இருபது நிமிடம் பையன்கள் கேட்கிற குத்து. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு நன்றி சொல்லிவிட வேண்டும். குத்துப் பாட்டை நடுவில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யார் வந்து எந்த மெலடியைப் பாடினாலும் கூட்டம் உட்காராது.

மேடைக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொஞ்சம் பணத்தை நிறுத்தி வையுங்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் வயலை நடந்து பார்த்து, ஆணி, கட்டுக்கம்பி, உடைந்த பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கியாச்சு, வெட்டிய வரப்பைக் கட்டியாச்சு என்று நிலத்துக்காரர் சொன்ன பிறகு கொடுங்கள். தண்ணீர் வந்ததும் அந்த வயலில் நடவு இறங்கப்போகிறவர்கள் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள். அடுத்த வருஷமும் நிலம் கேட்டுப் போகப்போவது நீங்கள்தான்.